பூஜையில் வைத்த பழைய சர்வரும் வழி கேட்ட ஸ்லேட்டும்

அப்படித்தான் பார்வதி, மாடி வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் இப்போது பேச்சே இல்லை. எல்லாம் அந்த வைஃபை டப்பாவால். நேற்று வந்தது, இன்றைக்கு வரவில்லை. "நீதான் எதையோ நோண்டிட்டே"ன்னு அவர். "நீங்கதான் மாமா"ன்னு அவள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதே கூத்தை நான் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்தாயிற்று. அதுவும் ஆயுத பூஜை அன்றைக்கு! உட்கார். சும்மா கேட்காதே, இந்த அவரையைப் பிதுக்கிக்கொண்டே கேள்.

நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் கூட்டிப் பெருக்கி, டீ வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் இல்லையா? கீழே வெல்லக்கடை, மேலே கம்ப்யூட்டர். எறும்பு மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அங்கே யார் முகம் எப்போது எப்படி மாறும் என்பது எல்லாம் தெரியும்.

அந்த வருஷம் கிரிஜா என்று ஒரு பெண் இன்ஜினியராக வந்தாள். கொள்ளேகால் தாண்டி எங்கள் ஹனூர் பக்கத்துப் பெண். அதனால் என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் அப்பா வாரா வாரம் போன் போட்டு, "வேலை நெலைக்கலீன்னா வந்துரு கண்ணு, மாப்பிள்ளை ரெடியா இருக்கான்" என்பார். அவள் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டு என்னிடம் கூடுதலாக ஒரு டீ கேட்பாள்.

குடகுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டக்காரர் பத்து கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். சாதாரணக் கம்ப்யூட்டர் இல்லை. டைப் அடிக்கிற கட்டை கிடையாது, பேனாவால் கண்ணாடி மேலேயே எழுதலாம். டேப்லெட் என்பார்கள். எனக்கு அது ஸ்லேட்டு மாதிரித்தான் இருந்தது, அதனால் ஸ்லேட்டு என்றே சொல்வேன். கிரிஜா ஒரு ஸ்லேட்டில் எல்லாவற்றையும் போட்டுத் தயார் செய்திருந்தாள். அதை அப்படியே அச்செடுத்து மற்ற ஒன்பதிலும் ஊற்ற வேண்டும். அந்த அச்சுக்கு 'இமேஜ்' என்று பேர்.

எப்படி எடுப்பது? ஸ்லேட்டில் பிளாப்பி போட வாய் இல்லை, சி.டி. போடவும் வழி இல்லை. கேபிள் வழியாகத்தான் உயிர் கொடுக்க வேண்டும். 'நெட்வொர்க் பூட்' என்றாள். எனக்குப் புரியவில்லை என்றதும் சொன்னாள்:

"அக்கா, கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுல புதுசா ஒருத்தர் எறங்கி, 'மாதேஸ்வரன் மலைக்கு எந்த பஸ்ஸுங்க'ன்னு சத்தமா கேப்பாங்கல்ல? இதுவும் கண்ணு முழிச்சதும் அப்படித்தான் கத்தும். நம்ம சர்வர் இருக்குதே, அது 'இங்க வா, இதுல ஏறு'ன்னு பதில் சொல்லும். இது பின்னாடியே போயிரும்."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் சோதனை பார்த்தாள். ஸ்லேட்டு கத்தியது, சர்வர் பதில் சொன்னது, நீலத் திரை வந்தது. கிரிஜா என் கன்னத்தைக் கிள்ளினாள். மறுநாள் காலையில் அச்செடுத்து ஊற்றிவிட்டால், மத்தியானம் குடகு ஜீப் வந்து எடுத்துக்கொண்டு போகும். பூஜையில் வைத்த சாமானாகப் போனால் ராசி என்று மானேஜர் ஸ்ரீதரன் சார்தான் நாள் குறித்தது.

ஸ்ரீதரன் சார் ரயில்வே குடும்பம், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷர்தான். ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று "ஆயித்தா? ஆயித்தா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் கேட்டால் ஆக வேண்டியதும் ஆகாது.

பூஜை அன்றைக்குக் காலையில் நான் வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டு, பொரியும் கடலையும் தட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். கிரிஜா பட்டுச் சேலை கட்டி வந்து ஸ்லேட்டைக் கேபிள் சொருகிய அதன் ஸ்டாண்டில் வைத்துப் போட்டாள். ஸ்லேட்டு கத்தியது. எங்கேயோ போனது. போய், திருதிருவென்று முழித்தது. 'பைல் இல்லை' என்று திரையில் எழுதியிருக்கிறதாம்.

கேபிளை மாற்றினாள். இல்லை. வேறு ஸ்லேட்டை வைத்தாள். அதுவும் முழித்தது. சர்வரை அணைத்துப் போட்டாள். ஊஹூம்.

"ஆயித்தா?"

"இல்ல சார், பூட் ஆக மாட்டேங்குது."

சார் நேராக என்னைப் பார்த்தார். "ஏன் பழனியம்மா, நேத்து க்ளீனிங் பண்றப்ப ஸ்டாண்டுல தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங் சார், என்ன பாத்தா எருமை மாட்டக் குளிப்பாட்டறவ மாதிரியா தெரியுது? ஒணந்த துணிலதானுங் தொடச்சேன்."

"கேட்டேம்மா, அவ்ளோதான்."

அப்புறம் கிரிஜாவைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்ன தனி, அந்த ஆபீசில் தும்மினால் வெல்லக்கடைக்காரர் 'நூறாயுசு' என்பார். "இங்க பாரு கிரிஜா. ஜீப் வெறும் வண்டியா திரும்பினா, முதலாளி நாளைக்கே பெங்களூர்லேருந்து ஆள் அனுப்புவாரு. அப்பறம் இந்தப் பொண்ணு எதுக்குன்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

திரும்பி வந்தவள் கண் கலங்கியிருந்தது. நான் டீயை நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நேத்து காலைல வந்துச்சு அக்கா. அதுக்கப்புறம் இங்க என்ன மாறுச்சு?" என்றாள்.

"என்ன மாறலீன்னு கேளு கண்ணு. ஆபீஸே கல்யாண வீடு மாதிரி ஆயிருச்சு."

அவள் திரும்ப ஸ்லேட்டைப் போட்டு, இந்தத் தடவை மூக்கு ஒட்டுகிற மாதிரி திரையைப் பார்த்தாள். "அக்கா! பதில் சொல்றப்ப ஒரு நம்பரும் குடுக்கும். இது நம்ம சர்வர் குடுக்கற நம்பரே இல்ல. வேற யாரோ பதில் சொல்றாங்க!"

யாரு? அத்தனை கேபிளும் வந்து சேருகிற ஹப் என்கிற பெட்டியைப் போய்ப் பார்த்தாள். வழக்கத்தைவிட ஒரு கேபிள் அதிகமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே, பட்டுச் சேலையோடு முட்டி போட்டு, மேஜைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து போனாள். டைப்பிஸ்ட் மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள். கேபிள் எங்கே போய் நின்றது தெரியுமா? பூஜை மேஜையில்! சாமி படத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, நானே கட்டிய சேவந்திச் சரத்தைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது பழைய சர்வர்.

ஆபீஸ் ஆரம்பித்தபோது வாங்கினது அது. சாரே ஆட்டோவிலிருந்து இறக்கி, மாடிப்படியில் தோளில் தூக்கி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாலும், வருஷத்துக்கு ஒரு நாள் பூஜைக்கு அதை வெளியே எடுத்து, துடைத்து, உயிர் கொடுத்து வைப்பார். உழைத்த ஆயுதத்தை விட்டுவிட்டுப் பூஜை செய்யலாமா? அந்த வருஷம் முதல் நாள் சாயங்காலமே எடுத்து வைத்துவிட்டார்.

"வருஷா வருஷம் வெக்கறதுதானே?" என்றார் சார்.

"மத்த கம்ப்யூட்டரெல்லாம் வழி தெரிஞ்சது சார், அதுங்க யாரையும் கேக்காது. ஸ்லேட்டு புதுசு, கேக்குது. இது உக்காந்த எடத்துலேருந்து முந்திக்கிட்டு பதில் சொல்லுது. ஆனா குடுக்கறதுக்கு இதுகிட்ட ஒண்ணும் இல்ல. கேபிளையும் எதுக்கு சார் சொருகினீங்க?"

சார் முகத்தில் அசடு வழிந்தது. "பின்னாடி பச்சை லைட் மினுக் மினுக்குன்னு எரியுமே. அது இல்லாம எப்படி..."

"அணைச்சுரட்டுமா சார்?"

"பேடா பேடா, வேண்டாம்! பூஜைல வெச்சத அணைக்கக் கூடாது."

அதற்குள் ஜீப் பாதி வழியில் ஹுணசூரைத் தாண்டிவிட்டதாகப் போன் வேறு வந்துவிட்டது. கிரிஜா மெதுவாகச் சொன்னாள்: "அணைக்க வேண்டாம் சார். உயிர் இருக்கட்டும். பேசாம மட்டும் இருக்கட்டும். கேபிள மட்டும் எடுத்துக்கறேன்."

"அப்ப பச்சை லைட்டு?" என்றார் சார், குழந்தை மாதிரி.

"நான் ஒரு அகல் ஏத்தி முன்னாடி வெக்கறேனுங் சார். அது இன்னும் நல்லா மினுக்கும்" என்றேன்.

சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, 'சரி' என்று தலையாட்டினார். சரத்தை நான் தூக்கிப் பிடித்தேன், கிரிஜா கேபிளை உருவினாள். ஸ்லேட்டைப் போட்டாள். கத்தியது. நீலத் திரை! அச்சு எடுத்தாள். ஒவ்வொரு ஸ்லேட்டாக ஊற்ற ஊற்ற, நான் பின்னாலேயே போய்க் குங்குமம் வைத்தேன். கண்ணாடியில் வைக்காதே அக்கா என்று கத்தினாள். ஓரத்தில்தான் வைத்தேன்.

"ஆயித்தா?"

"ஆயித்து சார்!"

ஜீப் நான்கு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கிளம்பியது. தீபாவளிக்குள் அவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவள் அப்பாவுக்குப் போன் போட்டவள், வைத்துவிட்டு அன்றைக்கு டீயே கேட்கவில்லை. மைசூர்பாகு கேட்டாள்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன் பார்வதி. நேற்று வந்தது இன்றைக்கு வரவில்லை என்றால், யார் கெடுத்தது என்று கேட்காதே. யார் ஆசை ஆசையாக என்ன செய்தார்கள் என்று கேள். அங்கேதான் இருக்கும். இந்த மாடி வீட்டு மாமனாரும் வீணாய்ப் போக மனசில்லாமல் பழைய டப்பாவைத் துடைத்து எங்கேயாவது சொருகியிருப்பார், வேண்டுமானால் பார். போய்க் கேட்கலாம் என்றுதான்... ஐயையோ, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது! அவரையைக் கீழே வை, அந்தக் குடத்தை எடு, ஓடு ஓடு!