பால்வெள்ளைக் கூலண்ட்

கணினிக்குள் தண்ணீரை ஓட விடுவது பைத்தியக்காரத்தனம் என்று என் மனைவி முதல் நாளே சொன்னாள். அவள் சொல்வதை நான் எப்போது கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேட்பதற்கு?

என் தொழில் அப்படி. இன்னும் கட்டப்படாத அடுக்குமாடி வீடுகளுக்குள் நடந்து போவதுபோல வீடியோ செய்து தருவேன். திருமுல்லைவாயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைதான் என் அலுவலகம். ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்த அறை இட்லிப் பானைதான். வேலை பாதியில் இருக்கும்போது சூடு தாங்காமல் கணினி தானாக அணைந்துவிடும். விசிறி எத்தனை வைத்தும் பலனில்லை. கடைசியில் ஒரு பம்ப், வளைந்து போகும் ரப்பர் குழாய்கள், ஒரு ரேடியேட்டர், முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி என்று எல்லாவற்றையும் வாங்கி நானே பூட்டினேன். பாக்கி இருந்தது ஒன்றுதான். சூட்டை இழுக்கிற கூலண்டாக அதற்குள் எதை ஊற்றுவது?

இரண்டு வாரம் இதே வேலையாக இருந்தேன். இணையக் குழுக்களில் எழுதுகிற மேதாவிகளுக்கு அளவே இல்லை. பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரி தண்ணீர் போதும் என்றான் ஒருவன். வீட்டுக்கு வருகிற கேன் தண்ணீரை ஊற்று என்றான் இன்னொருவன். அதிலிருக்கும் உப்பு ரேடியேட்டரின் செம்பை அரித்துவிடும் என்று மூன்றாமவன் அவனை நாறடித்தான். கார் கூலண்டே ஊற்றலாம் என்று சொன்னவனை எல்லோரும் சேர்ந்து விரட்டினார்கள். நான் ஒன்றுவிடாமல் படித்து, பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நேர்மையான மனிதர். அதை இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. "வேலைக்குன்னா கிளியர் வாங்கினு போங்க சார். கலரெல்லாம் ஷோவுக்கு. இந்த வெள்ளை கீது பாருங்க, பாக்க ஜோரா இருக்கும். ஆனா நாளாக ஆக அடில படியும்" என்றார்.

நான் வெள்ளையைத்தான் வாங்கினேன். கெட்டிப் பால் மாதிரி வெள்ளை. கண்ணாடித் தொட்டியில் அது சுழல்வதைப் படமெடுத்துப் போட வேண்டும், நாலு பேர் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் காரணம். இரண்டு வாரம் படித்ததெல்லாம் இந்த அல்பத்தனத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இரும்பு கடைகிற லேத் மிஷினை ஓட்டியவர். புது மிஷின்கள் வந்ததும் ஆட்குறைப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை போன பிறகு அப்பா பேசுவது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவார், வருவார், ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் பாதி விழுங்கி வரும். ஒரு வருடமாக அப்படித்தான். அவரை எப்படியாவது பேச வைக்க வேண்டும் என்று நானும் மனைவியும் படாத பாடு பட்டோம்.

நான் வெள்ளைத் திரவத்தை ஊற்றிக்கொண்டிருந்த அன்றைக்கு, அவராகவே எழுந்து என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா அது?"

"கூலண்ட்ப்பா."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பக்கத்தில் வந்து குனிந்து தொட்டியை உற்றுப் பார்த்தார். "இதுக்கும் கூலண்ட் உண்டா! எண்ணெ எவ்ளோ, தண்ணி எவ்ளோ? நாங்க தண்ணிலதான் எண்ணெய ஊத்துவோம். மாத்தி ஊத்தினா திரிஞ்சிரும்."

ஒரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது. லேத்தில் இரும்பைச் சீவும்போது சூடு ஏறாமல் மேலே ஊற்றுகிற எண்ணெய்க் கரைசலும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதையும் கூலண்ட் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். இது கிளைக்கால் என்கிற ரசாயனம் கலந்த வேறு சரக்கு, இதில் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும் என்று இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம். புனலில் வழிந்ததைத் துடைக்கிற அவசரத்தில் இருந்தேன்.

"அது வேறப்பா. சொன்னா உங்களுக்குப் புரியாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி சரி" என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் தொட்டியின் கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால் நேர்த்தியாக ஒரு கோடு இருந்தது. கேட்டால், "லெவல் பாக்கறதுக்கு" என்றார். என் அழகான வெள்ளைத் தொட்டியைக் கெடுத்துவிட்டாரே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் விட்டுவிட்டேன். ஏனென்றால் அவர் பேச ஆரம்பித்திருந்தார். காலையில் பல் விளக்கியதும் என் அறைக்கு வந்து கோட்டைப் பார்ப்பார். மனைவியிடம் மீன் விலையைப் பற்றிப் பேசினார். "மாமா இன்னிக்கு சிரிச்சாருங்க" என்று அவள் சமையலறையில் என்னிடம் ரகசியம் மாதிரி சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கரையான்சாவடியில் ஒரு பில்டரைப் பார்க்கப் போய்விட்டு மதியம் வீடு திரும்பினேன். அறைக்குள் கணினி அணைந்து கிடந்தது. குழாய்கள் உப்பிப்போயிருந்தன. ஒரு இணைப்பிலிருந்து வெள்ளைத் திரவம் சொட்டி, கிராபிக்ஸ் கார்டை நனைத்து, மேஜை வழியாகத் தரையில் ஓடியிருந்தது. கார்டு செத்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த வீடியோ வேலையும் பாதியில் நின்றுபோனது.

நான் முதலில் செய்த காரியம், கடைக்காரருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டியது. போலி சரக்கை விற்றுவிட்டீர்கள் என்றேன். அவர், "சார், அது குழாய ஊத வைக்காது சார், நீங்க வேற ஏதாவது கலந்தீங்களா?" என்றார். நானா? என்னைப் பார்த்தா? போனைத் துண்டித்துவிட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்தேன்.

வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பாவின் நீலச் சட்டையை அம்மா எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாத வாசனை.

அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"இதுல எதையாவது ஊத்துனீங்களாப்பா?"

"ஆமா. லெவல் கம்மியா இருந்துச்சு. ஸ்டேஷன் பக்கம் நம்ம பழைய ஆளு லேத் வெச்சிகினு கீறான், அவன்கிட்ட எண்ணெ வாங்கியாந்து கலந்தேன். சரியாத்தான் கலந்தேன்." அவர் குரலில் குற்றம் செய்தவனின் நடுக்கமே இல்லை. ஷிஃப்ட் முடிந்து சூப்பர்வைசரிடம் கணக்குச் சொல்கிறவர்போலச் சொன்னார். "ஷிஃப்ட் மாறச்சொல்ல கூலண்ட் லெவல் பாக்காம போனா அடுத்தவனுக்கு மிஷின் காயும்டா. நீ வெளிய போனா அடுத்த ஷிஃப்ட் நான்தானே?"

குழாயிலும் ரேடியேட்டரிலும் இருந்த காற்று வெளியேற வெளியேறப் புதுத் தொட்டியில் மட்டம் இறங்கத்தான் செய்யும். அதைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை நான் வெளியே போகும்போதும் அவர் கோடு வரைக்கும் நிரப்பியிருக்கிறார். இரண்டும் ஒரே வெள்ளை. நான் தெளிந்த திரவத்தை வாங்கியிருந்தால், முதல் சொட்டிலேயே நிறம் மாறுவது அவருக்கே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் இப்போது யோசிக்கிறேன். அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"லேத்துக்கு எண்ணெ ஊத்துன ஆளுக்கு இதப் பத்தி என்ன தெரியும்? தெரியாதத எதுக்குத் தொடறீங்க? வேலைல இருந்து அனுப்பிட்டாங்கல்ல, சும்மா உக்காரத் தெரியாதா?"

மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அப்பா உள்ளே போய் ஒரு பழைய பனியனை எடுத்துவந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, ஓடியிருந்த வெள்ளையைத் துடைத்தார். மேஜைக்கு அடியில் கை விட்டு, மூலை வரைக்கும் துடைத்தார். பனியனை வாளியில் பிழிந்தார். நான் அவரைத் தடுக்கவில்லை. இதை எழுதும்போது என்மேலேயே காறித் துப்பலாம்போல இருக்கிறது.

கார்டு மாற்றினேன். குழாய், ரப்பர் வளையம் எல்லாம் மாற்றி, தொட்டியை மூன்று முறை கழுவி, இந்த முறை கண்ணாடி மாதிரி தெளிந்த கூலண்டை ஊற்றினேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிய மனதோடு, "விடுங்க சார்" என்றார். தொட்டியைக் கழுவும்போது அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை.

அப்பா அதற்குப் பிறகு என் அறைக்கு வருவதில்லை. அது பரவாயில்லை. ஆனால், ஹாலில் விசிறியைப் போடுவதற்குக்கூட, "போடலாமா?" என்று கேட்கிறார். முப்பது வருடம் லேத்தைக் கட்டி ஆண்ட மனுஷன், மிக்ஸியைக் கழுவிப் பக்கத்தில் வைத்தால்கூடத் தொடாமல் தள்ளியே உட்கார்கிறார். மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன மாதம் ஒருநாள் வெளியே கிளம்பும்போது, புது கூலண்ட் பாட்டிலையும் புனலையும் எடுத்துப்போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் வைத்தேன். "அப்பா, இது எண்ணெ இல்ல. கிளைக்கால். எண்ணெ பட்டா ரப்பர் ஊதிரும், அதான் விஷயம். லெவல் கோட்டுக்குக் கீழ இறங்கியிருக்கு, நீங்க கொஞ்சம் ஊத்திடுறீங்களா?" என்றேன். இரண்டே வரிதான். அன்றைக்குச் சொல்ல வேண்டியது.

"ம்" என்றார்.

சாயங்காலம் திரும்பி வந்தேன். பாட்டில் ஜன்னலோரத்தில் இல்லை. வெயில் படாத மூலைக்கு நகர்த்தி, தூசு துடைத்து, புனலை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். மூடியின் சீல் உடைபடவில்லை.

"ஊத்தலையாப்பா?"

"உன் மிஷினு. நீயே பாத்துக்கோ நைனா."

கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. நானே சீலை உடைத்து நிரப்பினேன். இப்போது இரண்டு ஷிஃப்டையும் நான்தான் பார்க்கிறேன்.