குழாய்க்குள் போன நோட்டீஸ்

வீட்டுக்கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். ஆனாலும் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் ‘வீடு’, ‘கைப்பற்ற’ என்று இரண்டு சொற்கள் பிடிபட்டன. அதற்கு மேல் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. படிப்பில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

பட்டாசு ஆலை பாதி நாள் பூட்டிக் கிடந்த வருஷம் அது. எட்டுத் தவணை விட்டுப்போயிருந்தது. பெண்டாட்டியிடம் இரண்டு என்று சொல்லியிருந்தேன். அதனால் அந்தத் தபால் அவள் கண்ணில் படக்கூடாது.

திருத்தங்கலில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுவோம். மருந்து அடைப்பதெல்லாம் ஆலையில்தான். வீட்டில் வெறும் காகிதமும் பசையும். தாளை நீளவாக்கில் நறுக்கி, கம்பியில் சுற்றி, பசை தடவி உருவினால் குழாய். ஆலை கொடுத்த தாளுக்குள் பழைய தாளையும் கொஞ்சம் சேர்த்துச் சுற்றுவது ஊரறிந்த ரகசியம். தபாலில் வந்த நோட்டீஸ் தாள் நல்ல தடிமன். நறுக்கிச் சுற்றிவிட்டேன். பீரோவில் வைத்தால்கூட அவ்வளவு பத்திரமாக இருக்காது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆலை பூட்டியிருந்ததால் குழாய் மூட்டைகள் வீட்டு மூலையிலேயே கிடந்தன. ஒருநாள் பைனான்ஸ்காரர் வந்தார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

“நோட்டீஸுல அறுவது நாள் குடுத்திருக்கோம்மா. அது முடிஞ்சா வீட்டைக் கம்பெனி எடுத்துக்கிரும்” என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“எந்திரிங்க. கட்டிலுக்கடியில என்ன, இன்னொரு வீடு கெடக்கா? நோட்டீஸு எங்க?”

“குழாய்க்குள்ள” என்றேன்.

அவள் மூலையில் கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக நாலு வரைக்கும் எண்ணினாள். அதற்கு அவள் அடித்திருக்கலாம்.

அடுத்த திங்கள்கிழமை என்னை விருதுநகருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். அங்கே ஓரமாக இலவச சட்ட உதவிக்கு ஒரு மேசை போட்டு, வக்கீலம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. “பொம்பளைங்களுக்கு வக்கீல் பீஸ் கிடையாது” என்று அவர் சொன்னதும் என் பெண்டாட்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். நான் துணைக்கு வந்தவன் மாதிரி நின்றேன்.

“அறுபது நாளுக்குள்ள நம்ம பதிலைக் குடுத்தா அவங்க அதைப் பரிசீலிச்சே ஆகணும். மக்கள் நீதிமன்றத்துல வச்சு தவணையைக் குறைச்சும் கேக்கலாம். நோட்டீஸைக் குடுங்க, தேதி பார்ப்போம்.”

“அதை இவுக வெடிக்குழாயாச் சுத்திட்டாக, மேடம்.”

வக்கீலம்மா பேனாவை மூடினார். “கம்பெனியில நகல் கேட்டா, அது வர்றதுக்குள்ள நாள் ஓடிரும். அந்தக் குழாய் இருக்கா?”

“வீட்டுலதான் இருக்கு” என்று பெருமையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் மூலை காலி. அன்றைக்கென்று பார்த்து ஆலை திறந்து, குழாய்களை வாங்கி ஆலைக்குக் கொடுக்கும் ஏஜென்ட் மூட்டைகளை அள்ளிக்கொண்டு போயிருந்தார். பைக்கை விரட்டினேன். அவருடைய சரக்குக் கிட்டங்கியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, எங்க மூட்டையைத் திருப்பிக் குடுங்க.”

“ஏலே, கூலியைக் கேட்டு வருவாங்கெ. குழாயைத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்லே.”

“அதுக்குள்ள எங்க வீடு இருக்குண்ணே.”

அவர் என் வாய்க்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார். வெறும் டீ வாசம்தான். விஷயத்தைச் சொன்னேன். வேறு குழாய் சுற்றிக் கொடுப்பதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு மூன்று மூட்டைகளைக் கொடுத்தார். நாலாவது ஏற்கெனவே ஆலைக்குப் போய்விட்டது.

தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, குழாய்களை ஊறப்போட்டுப் பிரித்தோம். பழைய தேர்தல் நோட்டீஸ் வந்தது. இருக்கன்குடி கோயில் கொடைத் திருவிழா வரிப் பட்டியல் வந்தது. என் மகளின் கணக்குப் பரீட்சைத் தாளும் வந்தது.

“இதைச் சுத்தினது யாரு?” என்றேன்.

“உங்க மகதான். உங்க ரத்தம்ல” என்றாள் பெண்டாட்டி.

பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தாள் துண்டைத் தூக்கிக் காட்டினாள். தேதியும் கடித எண்ணும் அதில் இருந்தன. பெண்டாட்டி விரல் மடக்கிப் பார்த்தாள். மீதி நான்கு நாள்.

கிடைத்த துண்டுகளை எல்லாம் அட்டையில் ஒட்டி, மறுநாள் காலையிலேயே வக்கீலம்மாவிடம் கொடுத்தோம். பதில் கெடு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி அந்த அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இதுல பாக்கித் தொகை இருந்த இடத்தைக் காணோமே?”

“அது நாலாவது மூட்டையில போயிருச்சுங்கய்யா. இந்நேரம் எங்கயாவது வெடிச்சிருக்கும்” என்றேன்.

தொகை வெடித்ததில் எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. பைனான்ஸ்காரர் தாளே பார்க்காமல் அதைக் கடைசி ரூபாய் வரைக்கும் ஒப்பித்தார்.

அபராத வட்டியைத் தள்ளி, தவணையைக் குறைத்து, வருஷத்தைக் கூட்டி எழுதினார்கள். நான் கிழவனாகும் வரைக்கும் கட்ட வேண்டும். ஆனால் அதுவரைக்கும் எங்கள் வீட்டில் இருந்துகொண்டே கட்டலாம். புது ஒப்பந்தத்தை எழுத்தர் என் பக்கம் நீட்டினார். நல்ல தடிமனான தாள். என் கை போவதற்குள் பெண்டாட்டியின் கை போய்விட்டது.