கமிஷனர் செய்த ஸ்தோத்திர ஜெபம்

பெரிய மனிதர்களின் வரலாறு பிறப்பில் தொடங்குவது வழக்கம். கமிஷனரின் பிறப்பைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே தகவல், பிறந்தவுடன் அழாமல் மருத்துவச்சியை அதட்டினார் என்பது. அதுவும் அவருடைய அண்ணன் சொன்னது, சாட்சி வலுவில்லை.

காவல்துறைக்கும் அந்த அம்மாளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வை வேலை. இடுப்பில் சாவிக்கொத்து, காலில் ரப்பர் பூட்ஸ். அவர் கொட்டகைக்குள் காலை வைத்தால் தீவன வண்டி தள்ளுகிறவர்களின் கைபேசிகள் தாமாகவே பைக்குள் போய்விடும். கமிஷனர் என்ற பட்டம் அப்படி வந்தது. கணவர் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஆர்கன் வாசிக்கிறவர். அவருடைய சத்தம் வெளியே கேட்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

பண்ணையின் முதலாளி கமிஷனரின் சொந்த அண்ணன்தான். சபையில் மூத்த மூப்பர், முதல் வரிசை, நடு இருக்கை. அவருடைய ஆமென் பிரசித்தி பெற்றது. ஜெபிக்கிறவர் எச்சில் விழுங்க நிறுத்தினால் போதும், மூடிய கண் மூடியபடியே இருக்க, கூரை அதிர ஒரு ஆமென் வந்து விழும். ஒருமுறை தையல்காரர், "ஆண்டவரே, என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்ட இடைவெளியில் அது விழுந்துவிட்டது. அந்த வீட்டார் ஒரு வருஷம் முதலாளியுடன் பேசவில்லை.

எங்கள் சபைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஜெபித்தோம், முடிந்தது என்று விடமாட்டோம். யாரைப் பற்றி ஜெபித்தோமோ அவர் அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, காரியம் எப்படி முடிந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாதவர்களை நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம். பார்ப்போம், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். பண்ணையில் கோழிகள் கம்பிக் கூண்டில் வாழ்ந்தன. முட்டை உருண்டு வர வசதியாகக் கூண்டின் தரை சரிவாக இருக்கும். கோழிக்கு அது வசதியா என்று யாரும் விசாரித்ததில்லை. திரும்ப வேண்டுமென்றால் பக்கத்துக் கோழியிடம் அனுமதி வாங்க வேண்டும். கமிஷனரும் பல வருஷம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நாமெல்லாம் பல விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

ஒருநாள் கால் வீங்கிய ஒரு கோழியை மருந்து போட வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டில் விட்டார். அது நின்ற இடத்திலேயே சிலை மாதிரி நின்றது. தரையை அதற்கு யாரும் அறிமுகம் செய்து வைத்ததில்லை. வெகுநேரம் கழித்து ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் நேராக ரோஜாத் தொட்டிக்குள் ஏறிப் படுத்து, மண்ணை வாரித் தன்மேல் இறைத்துக்கொண்டு, இரண்டு சிறகையும் விரித்துக் கண்ணை மூடியது.

"உன் ரோஜா போச்சு" என்றார் கணவர்.

"போனாப் போகுதுங்க. அது மூஞ்சியப் பாருங்க. பிரசங்கம் முடிஞ்சதும் நம்ம சபையே இப்படித்தான இருக்கும்?"

அதே வாரம் போதகர், ஆண்டவர் தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்த்துக்கொள்ளும் கோழிக்கு ஒப்பிட்டதைப் பற்றிப் பிரசங்கித்தார். மற்றவர்களுக்கு மதியச் சாப்பாடு ஞாபகம் வந்தது. கமிஷனருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அண்ணனின் அலுவலக அறைக்குள் பூட்ஸோடு நுழைந்தார்.

"அண்ணா, கூண்டு வேணாம். கீழ உமி பரப்பி விட்டுரலாம்."

"ராத்திரி சரியாத் தூங்கலையா?"

"ஆண்டவர் தன்னை எதுக்கு ஒப்பிட்டாரு, சிங்கத்துக்கா? கோழிக்கு. அந்தக் கோழிக்கு நம்ம பண்ணையில றெக்கைய விரிக்க இடமில்ல. அப்புறம் அவரை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கும்பிடுறது?"

"அவர் சொன்னது தாய்க்கோழிம்மா. நம்மளது முட்டைக்கோழி. அது வேற டிபார்ட்மென்ட்."

"அண்ணா..."

"மூணு அடுக்குப் புதுக் கூண்டு வருது, வியாழக்கிழமை வந்துரும். போய் இடத்தைக் கழுவி வை."

கமிஷனர் வெளியே வந்தார். அண்ணன் வாங்கிய பொருளைத் துருப்பிடித்துத் தானாக விழும்வரை விடாதவர். புதுக் கூண்டு ஒருமுறை தரையில் இறங்கிவிட்டால், அந்தக் கோழிகளுக்கும், அவற்றுக்குப் பின்னால் வரப்போகும் கோழிகளுக்கும் கதை முடிந்தது. வியாழனுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு கூட்டம், புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டம்.

அன்று போதகர், கேட்டதைப் பெற்றுக்கொண்டோம் என்றே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லுங்கள் என்று பேசினார். கேட்பவர்களில் யாராவது அதை அப்படியே செய்துவிடுவார்கள் என்ற பயம் போதகர்களுக்கு இருப்பதில்லை. ஜெப நேரம் வந்தது. கமிஷனர் எழுந்தார்.

"தகப்பனே, எங்க அண்ணன் பண்ணையில இருக்கிற கூண்டையெல்லாம் எடுத்துட்டுக் கோழிங்களத் தரையில விடப்போறதுக்காக உமக்கு ஸ்தோத்திரம். நாளைக்கே அதைச் செய்யிற மனசை அவருக்குக் கொடுத்ததுக்காக ஸ்தோத்திரம்..."

இங்கே நிறுத்தினார். மூச்சு வாங்கவா, வேறு எதற்காவதா என்பதில் சபைச் சரித்திரக்காரர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

"ஆமென்!" என்றது முதல் வரிசை. கூரை அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் சபை முழுவதும் ஆமென் என்றது.

அதன் பொருள் முதலாளியின் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கண்ணைத் திறந்தார். அதற்குள் தையல்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மாமியார் விஷயத்தை மறந்துட்டேன் முதலாளி. நீங்க பெரிய மனுஷன்." ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பிள்ளைகளைக் காலையிலேயே அழைத்து வருவதாகச் சொன்னார். போதகர் தோளைத் தட்டி, "ஞாயித்துக்கிழமை உங்க சாட்சிதான் முதல்ல" என்றார்.

முதலாளி தங்கையை வாசலில் மடக்கினார்.

"என்னைய மாட்டி விடுறியா?"

"நான் ஜெபம்தான பண்ணேன். ஆமென் யாரு சொன்னா?"

"வாய் சொல்லிச்சு."

"அப்ப ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு அதையே சொல்லுங்க. 'என் ஆமென் வாய் சொன்னது, நான் சொல்லல'ன்னு. இத்தனை வருஷத்து ஆமெனுக்கும் சேத்தே சொல்லிருங்க."

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அண்ணி பிற்பாடு தெரிவித்தார். சபையில் அதிகம் ஆமென் சொன்ன மனிதரிடம், அதில் ஒன்றையாவது நிஜமாகச் சொன்னீரா என்று யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

வியாழன் காலையில் லாரி வந்தபோது வாசலில் டீச்சர், பிள்ளைகள், தையல்காரர், கைத்தடியோடு அவருடைய மாமியார், எல்லோரும் நின்றார்கள்.

"யாருய்யா இதையெல்லாம் ஆர்டர் பண்ணது?" என்றார் முதலாளி.

"நீங்கதான் சார்" என்றார் டிரைவர்.

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். கடைசியில் தங்கையைப் பார்த்தார். கமிஷனரின் உதடு அசைந்துகொண்டிருந்தது. அதட்டல் இல்லை, ஜெபம். கன்னத்தில் கண்ணீர் வேறு. தங்கை அழுது அவர் பார்த்ததில்லை.

"வண்டியத் திருப்பு. முன்பணத்தை நீங்களே வச்சுக்கங்க" என்றார் முதலாளி. சரித்திரம் அந்த இடத்தில் சற்று நின்று அவரை உற்றுப் பார்த்திருக்கும்.

முதல் கொட்டகையில் உமி பரப்பிக் கூண்டுகளைத் திறந்தார்கள். ஒரு கோழியும் வெளியே வரவில்லை. திறந்த கதவுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தன.

"பாத்தியா? அதுங்களுக்கே வேணாமாம்."

"அதுங்களுக்குத் தெரியாதுண்ணா. நம்மதான் இறக்கி விடணும். நீங்க அந்த வரிசை, நான் இந்த வரிசை."

முதலாளி கோட்டைக் கழற்றினார். முதல் கோழியை வெடிகுண்டுபோல் தூரப் பிடித்துக்கொண்டு வந்து உமியில் வைத்தார். அது நின்றது. பிள்ளைகள் முட்டி போட்டு உற்றுப் பார்த்தார்கள். அது காலால் ஒருமுறை கிளறியது. மறுபடி கிளறியது. திடீரென்று சிறகை முழுசாக விரித்து, படபடவென அடித்துக்கொண்டு கொட்டகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் மாமியார் கைத்தடியைத் தூக்கிக் கொட்டகைத் தூணில் தட்டினார். அப்புறம் அங்கே மனிதர் யார், கோழி யார் என்று தெரியாத அளவுக்குத் தூசி. முதலாளி தும்மிக்கொண்டே இறக்கினார், இறக்கிக்கொண்டே தும்மினார். மாலையில் கடைசிக் கூண்டும் காலியானபோது அவர் உமியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோழி ஏறிப் படுத்திருந்தது. எழுந்தால் அது கலைந்துவிடுமே என்று காப்பி கொண்டுவந்தவரைச் சைகையால் விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. முதலாளி சாட்சி சொல்ல எழுந்தார். இந்த எண்ணம் தமக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று தொடங்கினார். கமிஷனர் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார். ஆண்டவர் தம்மிடம் நேரடியாகப் பேசியதாகவும் சொன்னார். தங்கையும் கூடமாட ஒத்தாசை செய்தாளாம். அப்படியே ஏறிக்கொண்டே போன பேச்சு பாதியில் நின்றது. இரண்டு கையையும் மெல்ல அகலமாக விரித்து, அந்தக் கைகளையே மாறிமாறிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா கோழிய வச்சுத்தான் சாப்பிடுறேன்" என்றார். "அதோட றெக்கை இவ்வளவு நீளம்னு எனக்கு வியாழக்கிழமைதாங்க தெரியும்."