அணைத்தாலும் ஓடும் வாடகை

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அவர் எலெக்ட்ரீஷியன். தேவையில்லாமல் ஒரு விளக்கு எரிந்தால் கை துறுதுறுக்கும். விருந்துக்குப் போன வீட்டில்கூட, ஆளில்லாத அறையின் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். மனைவிக்கு இதில் பெருமையும் உண்டு, மானக்கேடும் உண்டு.

அவருக்கு ஒரே அக்கா. வேறு ஊரில், மருத்துவமனை சலவைப் பிரிவில் வேலை. விடியும் முன் ஷிஃப்ட் தொடங்கி நண்பகலில் முடிந்துவிடும். இருவரும் போனில் பேசினால், "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்", "சரி, வை" என்பதோடு சரி. அப்படியிருந்தவர்களைப் பேச வைத்தது ஒரு கணினி விளையாட்டு. கட்டை கட்டையாக வெட்டி எடுத்து வீடு, பாலம், சுரங்கம் என்று கட்டிக்கொண்டே போகலாம். மண்ணை வெட்டிக்கொண்டே அக்கா தன் சூப்பர்வைசரைத் திட்டுவாள். அவர் தன் மேனேஜரைத் திட்டுவார். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

முதலில், இணையத்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்து ஆடக்கூடிய பொது சர்வரில்தான் ஆடினார்கள். முன்பின் தெரியாத யாரோ விளையாட்டில் அவர்கள் கட்டிய வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். "கதவுள்ள இடமாப் பாருடா" என்றாள் அக்கா. இருவருக்கு மட்டுமான தனி சர்வர் ஒன்றை அவர் வாடகைக்கு எடுத்தார். மாத வாடகை ஒரு நல்ல டிரில் பிட் செட்டின் விலை. அதன் பிறகு விடுமுறை நாட்களில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். மற்ற நாட்களில், அவர் வேலையில் இருக்கும்போது, ஷிஃப்ட் முடிந்து வந்த அக்கா தனியாக வெட்டிக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் வேறொரு கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அவருக்கு அது மீட்டர் மாதிரியே தெரிந்தது: எரிந்தால் ஓடும், அணைத்தால் நிற்கும். இருவரும் கட்டிவைத்த விளையாட்டு உலகத்தை அப்படியே அங்கே மாற்றினார். ஆடி முடித்ததும் போனிலிருந்தே சர்வரை அணைத்துவிடுவார். வீட்டைவிட்டு இறங்கும்போது, கேஸ் மூடியாச்சா என்று பார்ப்பதுபோல், அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அக்கா நண்பகலில் கூப்பிடத் தொடங்கினாள். "சர்வரக் கொஞ்சம் போட்டு விடுடா." அவர் ஏணியில் நிற்பார். இறங்கிப் போட்டுவிடுவார், சர்வர் எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். சில நாள் தரைக்கடியில் மீட்டர் அறையில் இருப்பார். போனில் சிக்னல் இருக்காது. போகப்போக அழைப்புகள் குறைந்தன. விடுமுறை நாட்களிலும் அவள் வரவில்லை. தலைவலி என்றாள், வேலை அதிகம் என்றாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வர் அணைந்தே கிடந்தது, வாடகை மிச்சம்.

மனைவிதான் கேட்டாள். "ஏங்க, உங்க அக்காவோட சண்டையா?"

"இல்லையே. ஏன்?"

"வீடு இவ்வளவு அமைதியா இருக்கே, அதான் கேட்டேன்."

மாத முடிவில் பில் வந்தது. பழைய சர்வரின் வாடகையைவிடக் கூடுதல். கம்பெனிக்குப் போன் போட்டார்.

"நான் அணைச்சுல்ல வச்சிருந்தேன், மேடம்? ஓடாத மீட்டருக்கு எப்படி பில் வரும்?"

எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். "சார், நீங்க அணைச்சாலும் எங்க கம்ப்யூட்டர்ல அந்த இடம் உங்க பேர்லதான் இருக்கு. வேற யாருக்கும் குடுக்க முடியாது. வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனா வாடகை நின்னுடுமா? வேண்டாம்னா மொத்தமா அழிக்கணும்."

எப்படியும் வாடகை ஓடத்தான் போகிறது என்றால் அணைத்து என்ன பயன் என்று நினைத்தார். போனை வைத்ததும் சர்வரைப் போட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, சர்வரப் போட்டுட்டேன். இனிமே அணைக்க மாட்டேன். எப்ப வேணா வா."

அவள் இன்னும் ஷிஃப்டில் இருந்தாள். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"தினமும் உனக்குப் போன் பண்ணி, கதவத் தொறடா, கதவத் தொறடான்னு கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. அடுத்த வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கணக்கு சொல்லுவ."



"நானே ஒரு சர்வர் எடுத்துட்டேன்" என்றாள். "சின்னதுதான். ரெண்டு பேருக்கு மேல நுழைய முடியாது. பக்கத்து வீட்டுப் பொண்ணு போட்டுக் குடுத்துச்சு. உன்கிட்ட இருக்கிற உலகத்தை அனுப்பி வை, அதுல ஏத்திக்கிறேன்."

அவர் அன்றைக்கே அனுப்பிவைத்தார். தன் சர்வரை, கம்பெனிப் பெண் சொன்னபடி, மொத்தமாக அழித்தார். விடுமுறை அன்று அக்காவின் சர்வருக்குள் நுழைந்தார். மட்டமான, மெதுவான சர்வர், அவர் நடந்த பிறகுதான் தரை வந்து சேர்ந்தது. எதிரே அக்கா மண்வெட்டியோடு நின்றாள்.

"ராத்திரியெல்லாம் இது ஓடிட்டே இருக்கா?"

"ஓடுது."

"பாஸ்வேர்டக் குடு, ஒரு தடவ செட்டிங் மட்டும் பாக்கறேன்."

"உங்கிட்டயா? ஆளப் பாரு. சுரங்கத்துல தண்ணி ஏறிக் கெடக்கு. வாளிய எடுத்துக்கிட்டு வா."

அவர் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். அவள் அதற்குள் சுரங்கத்தில் இறங்கி, சூப்பர்வைசரைத் திட்டத் தொடங்கியிருந்தாள். அவர் வாளியைத் தேடினார்.