ஸ்டெல்லா அக்கா கடையில் திருடிய மணி பிளான்ட்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார்...

குமணன்சாவடியில் இன்னும் குடியிருக்கும் என் ஸ்கூல் ஃப்ரெண்ட் காலையில் போன் செய்தாள். "போன மாசம்கூட உன்னப் பத்திக் கேட்டாங்கடி" என்றாள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எண்பதுகளின் கடைசியில் ஜங்ஷன் பக்கம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தவர். கடை வாசலில் ஊறுகாய் பாட்டில், பெயின்ட் டப்பா, ஓட்டை பக்கெட் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் செடி. எல்லாவற்றுக்கும் மேலே, ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டு ஒரு மணி பிளான்ட்.

மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பார்கள் எங்கள் பக்கம். அதனால் அளவு கொடுக்க வருகிற பெண்கள் பாதிப் பேர் ஒரு கொடியைக் கிள்ளாமல் போக மாட்டார்கள்.

என் கல்யாண பிளவுஸ் வாங்கப் போன அன்று நானும்...

அக்கா கத்தரிக்கோலை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். கழுகுக் கண் அவருக்கு. அன்றைக்கு மட்டும் நூல் உள்ளே போகவே இல்லை!

கொடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நான் பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் கத்தல். "எவடி அவ, என் செடில கை வச்சது? கை இன்னா சும்மா இருக்காதா உங்களுக்கு?" திட்டு வாங்கினால் இன்னும் நன்றாக வளருமாம். அதுவும் அவர் சொன்னதுதான்.

அடுத்த முறை போனபோது என்ன ஏது என்று எதுவும் இல்லை. "வேரு வுட்டுச்சாடி சுமதி?" என்றார்.

விட்டது. பாட்டிலிலிருந்து தொட்டிக்கு மாறி, வாடகை வீட்டு பால்கனி கிரில் முழுக்க ஏறியது. என் வீட்டுக்காரருக்கு வேலை பெர்மனென்ட் ஆனது. ஆவடியில் மனை வாங்கினோம், வீடு கட்ட ஆரம்பித்தோம்.

அதே சமயத்தில்தான் ஓனர் காலி செய்யச் சொல்லி, அக்காவின் கடை போனது. ஜன்னலோடு அந்தக் கொடியும் போனது.

ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை. பி.எஸ்சி. பாட்டனி படித்தவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவருடையதை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரியே இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஒரு சின்னத் தொட்டியில் நாலு கொடி வைத்து அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தொடவே இல்லை.

"குடுத்தா புடிக்காதுடி. உன் ஊடு எங்க கீதுன்னு சொல்லு, நானே ஒரு நாள் வந்து திருடிக்கினு போறேன். நீ அந்தாண்ட திரும்பி நின்னுக்கோ, அது போதும்." சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு.

"கிரகப்பிரவேசத்துக்குக் கூப்புடறேன்க்கா, அப்ப வாங்க" என்றேன்.

கூப்பிடவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பத்திரிகையில் பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தேன். கடை போய், வீட்டு மூலையில் மெஷின் போட்டு புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தவரிடம், "நாங்க சொந்த வீட்டுக்குப் போறோம்" என்று சொல்லி நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதன் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது...

நான் கூப்பிட்டிருந்தால் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெரிய பையோடு வந்திருப்பார்.

அக்கா... ஆவடிதான். ரயில்வே கேட் தாண்டி ரெண்டாவது தெரு, பச்சை கேட்டு போட்ட வீடு.

தொட்டியை வாசலுக்கு வெளியில் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே கத்தரிக்கோலும் இருக்கிறது.

நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன்க்கா.