ஏழரை மணிக்கு என் பெயர்

ரேடியோவில் மியூசிக் டைரக்டருக்குப் பாட்டுப் போடுவதுதான் வேலை என்று நினைப்பவர்கள், பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வேலை என்றும் நினைப்பார்கள். மேலதிகாரி, சக ஊழியர், சம்பளம் இந்த மூன்றோடும் குடித்தனம் நடத்துகிற உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

டில்லி நிலையத்தில் நான் பல வருஷமாக எல்லா மொழிப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரைச் சொல்வார்கள், எழுதியவர் பெயரைச் சொல்வார்கள், அதற்குள் செய்திக்கு நேரமாகிவிடும். என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு வருஷம் பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் ஏழரை மணிக்குத் தமிழில் ஒரு பொங்கல் பாட்டு, அதுவும் என் பெயரைச் சொல்லி, என்று முடிவாயிற்று. பதிவும் அன்றைக்கேதான். என் மனைவி கோமளா, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதையும் கேட்க வரச் சொல்லிவிட்டு, பஜ்ஜிக்கு வாழைக்காயும் வாங்கிவிட்டாள். இனிப் பின்வாங்க முடியாது.

சின்னம்

காலையில் முதல் முட்டுக்கட்டை மல்ஹோத்ரா. எங்கள் நிகழ்ச்சி அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனால் அதிகாரி. தேர்தல் அறிவித்திருந்த சமயம் அது. எந்தக் கட்சியின் சின்னமும் ஒலிபரப்பில் வரக்கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாததால் பாட்டை வரிவரியாக இந்தியில் சொன்னேன். முதல் வரியில் சூரியன் உதித்தான். சிவப்புப் பென்சிலால் அடித்தார். இரண்டாவது வரியில் நெற்கதிர் தலை சாய்த்தது. அதையும் அடித்தார். ஏர், மாடு, கன்று எதுவும் தப்பவில்லை. எல்லாமே எங்கேயோ யாருக்கோ சின்னமாம்.

"ஸார், பொங்கலே சூரியனுக்குத்தான் வைக்கிறோம்" என்றேன். "சூரியனுக்கு வையுங்கள், ரேடியோவில் வேண்டாம்" என்றார். மிச்சம் என்னதான் இருக்கிறது என்று நான் கேட்டதும், கர்மசிரத்தையாகக் காகிதத்தின் மேல் பென்சிலை ஓட்டித் தேடிவிட்டுச் சொன்னார்: "பானை இருக்கட்டும் மாஸ்டர்ஜி. பானையை இதுவரைக்கும் யாரும் கேக்கல்லை."

ஸ்வெட்டர்

பாட்டை எழுதியவர் முனிர்காவில் ஓர் அறையில் இருந்தார். அவருக்குப் போன் கிடையாது. ஆகவே நானே பானை பொங்கியது, பால் பொங்கியது, மனம் பொங்கியது என்று எதையெதையோ பொங்கவிட்டு ஒப்பேற்றினேன். பாட வேண்டிய நாலு பெண்மணிகளில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார்கள். அது எனக்குப் பழகிப்போன சங்கடம்.

பதிவு ஆரம்பித்ததும் என்ஜினீயர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். டிக் டிக்கென்று ஏதோ கேட்கிறதாம். மைக்கை மாற்றினோம், வயரை மாற்றினோம், தபலாக்காரரைக் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னோம். கடைசியில் பார்த்தால் மிசஸ் கபூர் பாட்டுக் காகிதத்தை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, பாடிக்கொண்டே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார். டில்லியில் குளிர்காலத்தில் எந்த ஆபீஸிலும் பெண்கள் மடியில் ஓர் உல்லன் நூல் உருண்டை இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மைக்குக்கு முன்னாலுமா? ஊசியைக் கீழே வைக்கும்படி கெஞ்சினேன். அந்த அம்மாள் எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார்: "உங்க பாட்டு மூணு நிமிஷத்தில முடிஞ்சுடும். குளிர் பிப்ரவரி வரைக்கும் இருக்கே, மாஸ்டர்ஜி."

உஸ்தாத்

ஊசி போனதும் உஸ்தாத் வந்தார். எங்கள் சாரங்கி வித்வான். வயதானவர், கோபமே வராதவர், அதனால் அவரை ஜெயிக்கவும் முடியாது. என் மெட்டு சிந்துபைரவியில். இந்துஸ்தானிக்காரர்களுக்கு அது பைரவி. துள்ளத் துள்ள அமைத்திருந்தேன். முதல் ஒத்திகை நன்றாகவே முடிந்தது. முடிந்ததும் உஸ்தாத் சாரங்கியைத் துணியில் சுற்றி, சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டு, எல்லாருக்கும் ஆதாப் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாசல்வரை ஓடிப் போய் டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். மறுபடி ஒத்திகை, மறுபடி துணி, சால்வை, ஆதாப். அவர்கள் கச்சேரியில் கடைசியாக வாசிப்பது பைரவி என்பது எனக்கும் தெரியும். ஆனால் இது கச்சேரி இல்லை, ரிக்கார்டிங் என்று எத்தனை சொன்னாலும் அவருக்குக் கால் தானாக எழுந்துவிடுகிறது. ஒருவழியாகப் பதிவு முடிந்து டேப் என் கைக்கு வந்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. போகும்போது உஸ்தாத் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "பேட்டா, பைரவிக்கு மேல ஒண்ணும் கிடையாது. வீட்டுக்குத்தான் போகணும். அதைப் போய் ஆரம்பத்திலேயே வாசிக்கச் சொல்றியே."

உத்தரவு

டேப்பை ஒலிபரப்பு அறையில் கொடுத்துவிட்டு, அறிவிப்பாளரிடம் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மல்ஹோத்ரா வேகமாக வந்தார். ஒரு பெரிய தலைவர் காலமாகிவிட்டார். பாட்டு, பேச்சு, நாடகம் எல்லாம் ரத்து. செய்தியும், செய்திக்கு நடுவே சோகமான வாத்திய இசையும் மட்டும்தான். எனக்கு அழுகை வந்தது. தலைவருக்காக இல்லை. அடுத்த பொங்கலுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மல்ஹோத்ரா சமாதானம் சொன்னார். (அடுத்த வாரமே அந்த டேப்பை அழித்து, கோதுமைக்கு உரம் போடும் முறை பற்றிய பேச்சைப் பதிவு செய்தது தனிக்கதை.)

வேதனை அதோடு நிற்கவில்லை. சோக டேப்புகள் இருந்த பீரோவின் சாவி, லைப்ரேரியன் பையில் கரோல் பாக் பஸ் ஏறியிருந்தது. ஏழரைக்கு வாத்திய இசை வேண்டும், ஜல்தி என்றார் மல்ஹோத்ரா. வாத்தியக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த உஸ்தாத் மட்டும் அகப்பட்டார். புதிதாக யோசிக்க எனக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து அடித்துக்கொண்ட அதே மெட்டை, தபலா இல்லாமல், பாதிக்குப் பாதி வேகத்தில் வாசிக்கச் சொன்னேன். தம்பூராவை நானே மீட்டினேன். சிந்துபைரவியை ஓடவிட்டால் துள்ளும், நடக்கவிட்டால் அழும். அன்று அது அழுததைப் போல் நான் கேட்டதில்லை. சிவப்பு விளக்கு அணைந்ததும் உஸ்தாத் நிதானமாகச் சாரங்கியைத் துணியில் சுற்றினார். "இப்பதான் இதுக்குச் சரியான நேரம். வா பேட்டா, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

பஜ்ஜி

வீட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோவைச் சுற்றி எங்கள் வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது. பஜ்ஜித் தட்டு காலி. எல்லாரும் துக்கம் விசாரிக்கிற குரலில் என்னிடம் பேசினார்கள். தலைவருக்கா, என் பாட்டுக்கா என்று தெரியவில்லை. கோமளா மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்த பஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து நாளாகக் குளிக்கும்போதும் ஷேவ் பண்ணும்போதும் நான் முணுமுணுத்த மெட்டு அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதிக் களைப்புப் போயிற்று.

"ஏழரைக்கு வந்ததே..." என்று நான் ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு சாம்பமூர்த்தி கையை உயர்த்தித் தடுத்தார். செக்ஷன் ஆபீசர், யாரையும் முடிக்கவிட மாட்டார். "ஓய், ஒம்ம பாட்டு வராததும் ஒரு விதத்தில் நல்லதாப் போச்சு. அதுக்குப் பதிலா ஒருத்தன் சாரங்கி வாசிச்சான் பாரும், எனக்குக் கண்ல ஜலம் வந்துடுத்து. பேரைக்கூடச் சொல்லலை. அந்த மாதிரி நீர் எப்போ ஓய் ஒண்ணு போடப் போறீர்?"

ரேடியோவில் மணிக்கு மணி பெயர் வர வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அதற்கு மெட்டுப் போட்டால் போதாது, செத்துப்போக வேண்டும், அதையும் பெரிய பதவியில் இருந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதுதான்.