பிடித்து வைத்த தண்ணீர்

யாரோடு பேசினாலும் அவள் பார்வை எதிரில் இருப்பவரின் தோளைத் தாண்டியே போகும். மருமகன் முதன்முறை வீட்டுக்கு வந்து போன பிறகு, "அத்தைக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று மகளிடம் கேட்டானாம். பிடிக்காமல் என்ன? இறால் குளத்தின் மேல் பறவை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் கண்ட இறால் கரையோரம் ஏறிவரும். அது மனிதர்களுக்கு முன்னால் கொக்குகளுக்குத் தெரிந்துவிடும்.

இறந்த கணவன் விட்டுப்போன குளங்களில் பாதி தண்ணீர், பாதி அலையாத்தி மரம். குஞ்சு கொஞ்சமாகத்தான் விடுவாள். தீவனம் வாங்குவதில்லை, உதிரும் இலையும் அதில் பிடிக்கும் புழு பூச்சியுமே தீனி. கிடைப்பதும் கொஞ்சம்தான். ஆனால் காட்டை அழிக்காமல் வளர்த்த இறால் என்று ஒரு கம்பெனி கூடுதல் விலை கொடுத்தது. பக்கத்துக் குளம் கொழுந்தனுடையது. மரங்களை வெட்டிவிட்டு நெருக்கமாகக் குஞ்சு விட்டான். அவன் ஒரு தடவையில் எடுப்பதை எடுக்க அவளுக்கு மூன்று வருடம் ஆகும். தீவனம், மருந்து, தண்ணீரில் காற்றைக் கலக்க ஓயாமல் ஓடும் சக்கரத்துக்கு டீசல் என்று அவன் செலவும் அப்படி.

"அண்ணி, இறால் வளக்கறீங்களா, மரம் வளக்கறீங்களா? வெட்டிப் போட்டா மாடி வீடு கட்டலாம்."

"நீ கட்டு தம்பி. மழை வந்தா ஒதுங்கிக்கறேன்."

பிற்பாடு எல்லோரும் அவளைத் தொலைநோக்குக்காரி என்று புகழ்ந்தார்கள். அது அவளை உறுத்தியது. மரத்தின் மேல் பாசத்தாலா வெட்டாமல் விட்டாள்? கடன் வாங்கப் பயம். அவ்வளவுதான்.

ஒருநாள் காலை கொழுந்தனின் குளத்து மேல் கொக்குகள் கூடின. அவன் வலை வீசி எடுத்த இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள். உடனே தண்ணீரை வடித்துப் பிடித்தால் பாதியாவது தேறும். ஐஸ் லாரியும் வந்து நின்றுவிட்டது. ஆனால் வடிக்கும் தண்ணீர் பொது வாய்க்காலில்தான் இறங்க வேண்டும். கடல் ஏறும்போது அது நேராக அவள் மதகுக்கு வரும். அவள் மதகுப் பலகையோ அடியில் உளுத்து ஒழுகிக்கொண்டிருந்தது.

வரப்பில் செருப்பில்லாமல் ஓடினாள். "தம்பி, திறக்காத!"

"லாரி நிக்குது அண்ணி. ஒவ்வொண்ணா செத்துட்டிருக்கு."

"தச்சர் இப்பதான் புதுப் பலகை இழைக்கிறாரு. நாளைக்குக் காலைல மாட்டிடுவாரு."

"பலகை ஓட்டைன்னு போன மாசமே சொன்னேன்ல?"

"சொன்ன. செலவுக்குப் பாத்தேன். தப்புதான்."

அவன் மனைவி வலையைக் கீழே போட்டாள். "அக்காவுக்குக் காடாவது மிஞ்சும். நமக்கு என்ன மிஞ்சும்? திறங்க."

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பாதி உருவியிருந்த மதகுப் பலகையை ஓங்கி அடித்து இறக்கினான்.

"அழுது தொலைக்காதீங்க அண்ணி. தண்ணியப் பிடிச்சு வைக்கறேன்."

லாரி வெறுமனே திரும்பியது. மறுநாள் அவளுடைய புதுப் பலகை இறங்கியபோது, அவன் குளத்து இறால் மொத்தமும் அடியில் செத்துக் கிடந்தது. இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்றான பிறகு, கிருமி சாக மருந்து போட்டு, பொறுமையாகத் தண்ணீரைத் திறந்துவிட்டான். அவள் குளங்களில் ஒரு கொக்கும் இறங்கவில்லை.

இறால் விற்ற கையோடு பணத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் தொடவில்லை.

"காசு வேணாம் அண்ணி. உங்க கடைசிக் குளத்த ரெண்டு வருஷம் எனக்கு விடுங்க. உங்கள மாதிரியே பண்ணிப் பாக்கறேன். ஒரு கிளையக்கூட ஒடிக்க மாட்டேன்."

அவன் வலையில் நோய் ஒட்டியிருந்தால்? பழைய பழக்கத்தில் ஒரு மூட்டை தீவனத்தைக் கொட்டிவிட்டால்? கம்பெனிக்காரன் கூடுதல் விலையை நிறுத்திவிட்டால்? முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

"பாக்கலாம் தம்பி" என்றாள்.

அவன் ஐஸ் கம்பெனியில் எடை போடும் வேலைக்குப் போனான். ஒவ்வொரு வருடமும் குஞ்சு விடும் சமயத்தில் வந்து நின்றான். ஒவ்வொரு வருடமும் அவள் "பாக்கலாம்" என்றாள். நாலாவது வருடம் அவன் வரவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து நினைத்துத் தூக்கமும் கெட்டது.

நெஞ்சுவலியில் அவள் இறந்துபோன வருடம்கூட, அந்தக் கடைசிக் குளத்தில் அவள் விட்ட குஞ்சுகள்தான் வளர்ந்துகொண்டிருந்தன.